ஒன்பதாவது வளைவில் இருபது நிமிஷம்

"முப்பது வருஷமா இந்த ரோட்டுச் சோத்தைத் தின்னிருக்கே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இறங்கி நின்னு பார்த்திருக்கியாட்டி?"

எங்கள் வீட்டுக்காரர் இதைத்தான் சொன்னார். ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பஸ் முழுக்கக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் ஒன்றும் கேட்காத மாதிரி கைப்பைக்குள் எதையோ தேடினீர்கள். பரவாயில்லை, உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரோட்டுச் சோறாம். ரோடா அரிசி களைந்தது? ரோடா உலை வைத்தது? மஸ்கட்டில் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், மூன்றாம் மாடியில், இருபத்தைந்து வருஷமாக நான் பொங்கிப்போட்டது ரோட்டுச் சோறு. கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி இவர் சீட்டிலேயே உட்காருங்கள், நீங்களும் இறங்கப் போகிறீர்களா? வேண்டாம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. இருபது நிமிஷம்தான் நிறுத்துவேன் என்று டிரைவர் சொல்லிவிட்டான். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு எல்லோரும் தடுப்புச் சுவர் பக்கம் போய்விட்டார்கள். அதோ, எல்லோரையும் விட்டுத் தள்ளித் தனியாக நிற்கிறாரே, வெள்ளைத் தொப்பி, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். இவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் சரித்திரம் சொன்னவர். கஸ்பார் சார், கஸ்பார் சார் என்று தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மலையைக் குடைந்து புதுச் சுரங்கப் பாதை போட்டாகிவிட்டது, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து இந்தப் பழைய ரோட்டை அடைக்கப் போகிறார்கள், அதற்குள் ஒரு தடவை போய்ப் பார்ப்போம், ரோடு போட்டவரே நம்மோடு இருக்கிறார் என்று செயலாளர் ஏற்பாடு பண்ணின பயணம் இது. இவர் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார். வருகிற மாதம் ரிட்டயர்மெண்ட். இவரையும் ரோட்டையும் ஒன்றாக மூடுகிறார்கள்.

நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். செயலாளரின் மனைவி வீட்டுக்கே வந்துவிட்டாள். முகத்தை முறித்துப் பேச முடியவில்லை.

இந்த ரோட்டின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் இது கழுதைப் பாதை. மேலே மலைக் கிராமங்களிலிருந்து பேரீச்சம்பழமும் மாதுளையும் கீழே இறங்கும், கீழே கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறும். மூன்று நாள் நடை. செங்குத்தான இடங்களில் கல்லை வெட்டிப் படி செய்திருந்தார்கள். யார் வெட்டினது, எந்தக் காலத்தில் வெட்டினது, ஒருவருக்கும் தெரியாது. பிறகு பட்டாளத்து ஜீப் ஏறுகிற அளவுக்கு யாரோ கொஞ்சம் அகலப்படுத்தினார்கள். அதற்கும் பிறகுதான் இவர் வேலை பார்த்த கம்பெனி வந்தது, தார் வந்தது, பத்தொன்பது வளைவும் வந்தது.

வளைவுகளை யார் தீர்மானித்தது தெரியுமா? மைக்கில் சொன்னாரே, நீங்கள் சிரித்தீர்களே. கழுதை. நில அளவைக்கு வந்த பெரிய எஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்துவைத்து ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். இவர் அப்போது சின்ன சர்வேயர். சுலைம் என்று ஒரு ஆடு மேய்க்கிற மனிதர், இந்த ஊர்க்காரர், தன் கழுதையைக் கொடுத்தார். அதன் முதுகில் இரண்டு மூட்டை பேரீச்சம்பழத்தை ஏற்றி அவிழ்த்துவிட்டார்கள். பாரம் ஏற்றின கழுதை மூச்சு வாங்காத வழியில்தான் ஏறும். அது போன வழியெல்லாம் இவர் பின்னாலேயே சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போனார். பிறகு லெவல் மெஷினை வைத்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் சரிவு சரியாக வந்ததாம், ஒரு இடத்தைத் தவிர. அந்த ஒரு இடத்தில் கழுதைக்குப் புல் தெரிந்திருக்கும். இதை எங்கள் மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னார். மகளுக்குப் பிரசவமான ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னார். நான் படித்தது தூத்துக்குடியில் கான்வென்ட். எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த சிஸ்டர், எதையும் ஒரு தடவை சொன்னால் போதும், நன்றாகச் சொன்னால் பாதித் தடவை போதும் என்பார். இவர் அந்த சிஸ்டரிடம் படித்திருக்க வேண்டும்.

சரி. மைக்கில் கேட்டதால், இந்த வளைவில் ஏன் நிறுத்தினோம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எட்டாவது வளைவு வரைக்கும் எனக்கும் எல்லாம் தெரிந்த கதைதான்.

கீழே பாருங்கள், அகலமாக, வெள்ளை வெளேரென்று கூழாங்கல் கிடக்கிறதே, அது ஆறு. இந்த நாட்டுக்காரர்கள் வாதி என்பார்கள். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். எண்பத்தெட்டில் இந்த வளைவுக்கு வேலை நடந்தபோது கூடாரங்களை அங்கேதான் போட்டிருந்தார்கள். மலையெல்லாம் கத்தி மாதிரி நிற்கும்போது சமதரை வேறெங்கே இருக்கிறது? நம் ஊர்க்காரர்களுக்கு ஆற்று மணல் என்றால் படுக்க நல்ல இடம். தலைக்கு மேல் மழை பெய்தால் எழுந்து போகலாம் என்று நினைப்பார்கள். இங்கே அப்படி இல்லையாம். மழை மலைக்குப் பின்னால் பெய்யும். இங்கே வெயில் அடிக்கும். தண்ணீர் மட்டும் வரும்.

இவரைத் தவிர ஒன்பது பேர் அந்தக் கூடாரங்களில். அதில் ஒருத்தன் ரெஜிஸ். என் தம்பி.

மைக்கில் அவன் பெயரைச் சொன்னார், கேட்டீர்கள். என் தம்பி என்று சொல்லவில்லை. "ரெஜிஸ்னு ஒரு பையன், இருபது வயசு" என்றார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ரெஜிஸ் என்று ஒரு பையன்.

அவனை அனுப்பினது நான்தான். பாலிடெக்னிக்கில் இரண்டு பேப்பரில் தோற்றுவிட்டு, கோயில் பாடகர் குழுவில் நின்று தப்புச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தான். அத்தானோடு போய் அளவுச் சங்கிலி பிடி, கம்பு பிடி, ஒரு தொழில் கற்றுக்கொள் என்றேன். சந்தோஷமாகத்தான் போனான். கடிதத்தில் கழுதையைப் படம் வரைந்து அனுப்புவான், கழுதைக்குக் கண்ணாடி போட்டு, கீழே என் பெயரை எழுதி. எனக்கு அவன் வைத்த பெயர் மதர் சுப்பீரியர். கான்வென்டில் படித்த திமிராம்.

நான் அப்போது தூத்துக்குடியில், எட்டு மாதக் கைக்குழந்தையோடு. எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு ரயில்வே சூப்பரின்டெண்ட் வீட்டில் உண்டு. வெள்ளிக்கிழமை இவர்களுக்கு லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன், இவர் இங்கிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு கீழே டவுனுக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுவார். அது எங்களுக்குள் ஏற்பாடு. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து ஏற்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடவில்லை. ஏதோ பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டதாம். எனக்கு எப்படித் தெரியும்? நாலிலிருந்து ஆறு வரைக்கும் இன்னொருத்தர் வீட்டு வரவேற்பறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக் கோமதியம்மாள் இரண்டு தடவை காபி கொடுத்தாள். மூன்றாவது தடவை கொடுக்காமல், "இன்னைக்கு மறந்துட்டாரோ என்னமோ" என்றாள். அவள் சொன்ன தொனி இருக்கிறதே, அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். நாலே வார்த்தை. கால் ஃபிரைடே ஆர் நெவர். ஒரு வார்த்தை அதிகம் கிடையாது. தந்தி ஆபீஸில் இருந்தவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், தந்தியை அடித்தார். அந்தத் தந்தி கம்பெனி ஆபீஸுக்குப் போய், அங்கே இரண்டு நாள் கிடந்து, வியாழக்கிழமை தண்ணீர் லாரிக்காரன் கையில் மேலே வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். கூப்பிடாமல் என்ன செய்வார்?

பதினோரு நிமிஷம் பேசினோம். மொசைக் போடுவதா, சிவப்புத் தரை போடுவதா என்று பேசினோம், அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். போன வாரம் நான் எப்படி அவமானப்பட்டேன் என்று சொன்னேன். நடுவில், "வைக்கட்டுமா ஜெசிந்தா, வேலை கிடக்கு" என்றார். வெள்ளிக்கிழமை என்ன வேலை என்று கேட்டேன். இன்னொரு தடவையும், "வைக்கட்டுமா" என்றார். இப்போதுதானே எடுத்தீர்கள் என்றேன்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் வந்தது. பட்டப்பகல், நல்ல வெயில். ஆறு பேர் பாறை மேல் ஏறிவிட்டார்கள். மூன்று பேர் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரை அன்றைக்கே எடுத்தார்கள். ரெஜிஸை நாலு நாள் கழித்து, பதினோரு கிலோமீட்டர் கீழே. இங்கேயே அடக்கம் பண்ணினார்கள். எனக்குச் செய்தி வந்ததும் அதே கோமதியம்மாள் வீட்டு போனில்தான்.

ஆனால் இவர் பிழைத்தார். அதைச் சொல்லுங்கள். இவர் கூடாரமும் அங்கேதான், ரெஜிஸ் கூடாரத்துக்கு அடுத்தது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்காமல் இருக்கிற மனிதரே இல்லை. டவுனில் போன் பேசிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். நான் தந்தி கொடுத்ததால் பிழைத்தார். ஆண்டவர் ஒன்றை எடுத்தார், ஒன்றை என் கையில் விட்டுவைத்தார். இதை நான் எங்கள் ஜெபக்கூட்டத்தில் வருஷா வருஷம் சாட்சியாகச் சொல்கிறேன். அந்த ஒரு போன் மட்டும் இல்லாமலிருந்தால் என்று நான் நிறுத்துவேன். கூட்டம் முழுக்க அல்லேலூயா என்று சொல்லும். பெண்கள் சிலர் அழுவார்கள். இவர் மட்டும் அந்த நேரம் உள்ளே இருக்கமாட்டார். வெளியே செருப்பு கிடக்கிற இடத்தில் போய் நின்றுகொள்வார். புழுக்கமாக இருக்கிறது என்பார். ஏசி ஹாலில் என்ன புழுக்கம்?

நான் தொண்ணூற்றிரண்டில் இங்கே குடித்தனம் வந்தேன். கம்பெனி வேலை முடிந்து எப்போதோ போய்விட்டது. மற்றவர்களும் துபாய், குவைத் என்று போய்விட்டார்கள். இவர் இந்த ரோட்டைப் பராமரிக்கிற வேலைக்கு மாறி இங்கேயே தங்கிவிட்டார். பெரிய வேலை எத்தனையோ வந்தது, ஒன்றுக்கும் அசையவில்லை. மழை என்று ரேடியோவில் சொன்னால் போதும், ராத்திரிச் சாப்பாட்டைக்கூட எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த வளைவுக்கு மேலே நின்று கீழே ஆட்டுக்காரன் யாராவது இருக்கிறானா என்று பார்ப்பாராம். சுலைம் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவர் பேரன்களைக்கூட இவர் ஏசுவாராம், கீழே நிற்காதே என்று. எனக்கு இது கிறுக்கு என்றுதான் தோன்றும். ரோட்டைக் கட்டிக்கொண்டு அழுகிற மனிதரோடு குடும்பம் நடத்திப் பாருங்கள்.

இப்போது மைக்கில் சொன்னதற்கு வருகிறேன்.

எட்டாவது வளைவில் வெள்ளத்தில் போனவர்கள் கதையை முடித்தார், கவனித்தீர்களா? தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். "அன்னைக்குக் காலையிலேயே சுலைம் வந்தார். மலைக்குப் பின்னால மேகம் இறங்கியிருக்கு, உடனே கூடாரத்தை மேல ஏத்துங்கன்னார். எங்ககிட்ட இருந்தது ஒரே வண்டி. வண்டி வேற ஒரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. சாயங்காலம் வந்து மாத்திக்கலாம்னு நினைச்சேன். அது என் தப்பு." இவ்வளவுதான். மைக்கை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காலையில் சுலைம் வந்தார் என்று என்னிடம் சொன்னதில்லை. முப்பது வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. கழுதைக்கதை ஆயிரம் தடவை சொன்னார்.

ரெஜிஸ் கடைசியாகச் சொன்னதை மட்டும் அந்த வருஷமே சொல்லியிருக்கிறார். நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். "அத்தான், முதல்ல போய் அக்காட்ட பேசிட்டு வாங்க. மத்ததை வந்து பார்த்துக்கலாம். மதர் சுப்பீரியரை எவன் சமாளிக்கிறது." இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன் தெரியுமா? சாகப் போகிறவன் பேச்சைப் பாருங்கள், எவ்வளவு விளையாட்டு என்று. மற்றது என்றால் என்ன என்று நான் கேட்டதே இல்லை. லீவு நாள், துணி துவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன்கூட இல்லை.

இவர் வந்து உட்கார்ந்ததும் நான் என்ன கேட்டேன் தெரியுமா? வேறு ஒரு காரியம் என்றால் என்ன காரியம், போன் பேசப் போனேன் என்று சொல்ல வேண்டியதுதானே, கதையை முழுசாகச் சொல்லத் தெரியாதா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். நான் காப்பாற்றினதை விட்டுவிட்டாரே என்று. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, அந்த நிமிஷம். சத்தியமாக.

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார். "சொல்லவா, ஜெசிந்தா? மைக் இன்னும் கையிலதான் இருக்கு. சொல்லவா?"

நான் டிரைவரிடம் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

குளிர்ந்தது. இப்போதும் குளிர்கிறது, உங்களுக்குக் குளிரவில்லையா? பஸ் நின்றதும், வா, இறங்கலாம் என்றார். கால் மரத்துப்போயிருக்கிறது, நான் வரவில்லை என்றேன். நிஜமாகவே மரத்துப்போயிருக்கிறது, மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். ரோட்டில் என்ன இருக்கிறது, ரோடுதான் இருக்கிறது என்றேன். அப்போதுதான் அந்தச் சோற்றுப் பேச்சு. முப்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் என்னை ஒரு வார்த்தை சொன்ன மனிதர் இல்லை.

சாட்சி சொல்லும்போது வெளியே போய் நின்றாரே, அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருஷம். உள்ளே நான் சொல்வது வெளியே கேட்கும். ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் முழுசாகக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, நல்லாச் சொன்னே என்பார். ஒரு வருஷம்கூட அதைச் சொல்லத் தவறினதில்லை.

எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை, பயப்படாதீர்கள். ஒன்றுமே வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, பிறகு நாக்கால் தொட்டுப் பார்த்தால் யாருடைய வாயோ மாதிரி இருக்கும், அந்த மாதிரி இருக்கிறது. தந்தி கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டாமா? அவர்தான் எனக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். பாறை சரிந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கோமதியம்மாள் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். மொசைக் போட்டோம், தெரியுமா? கடைசியில் மொசைக்தான் போட்டோம். இரண்டு வருஷத்தில் வெடித்துவிட்டது.

ஹார்ன் அடித்துவிட்டான். எல்லோரும் ஏற வருகிறார்கள். இவரைப் பாருங்கள், திரும்பக்கூட இல்லை. அந்தச் சுவர் அவ்வளவு உயரமில்லை, பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாதா? பிடிக்காமல் நிற்கிறார்.

கொஞ்சம் வழி விடுங்கள். இல்லை, இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், காலை மட்டும் மடக்கிக்கொள்ளுங்கள். டிரைவர் தம்பி, கதவைச் சாத்தாதே. ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சாத்தாதே என்கிறேன். இங்கேதான் நிற்கிறேன், படியில். வெயில் கண்ணைக் குத்துகிறது.

ஏங்க.

ஏங்க, நான்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க. அவன் கூடாரம் எந்த இடத்துல இருந்தது? எனக்குக் காட்டுங்க.

ஏங்க. காட்டுங்களேன்.